பொது ஏடும் துண்டும்: கணினி நினைவகத்தின் ஒரு பகுதியைப் படியெடுத்தல்

ஒரு பொருளைப் பலர் கூடி ஆளும்போது எழும் சிக்கல்கள் மனிதர்க்குப் புதியனவல்ல. ஊர்க் கிணறு, கோயிற் கணக்கு, வாய்க்கால் நீர், தோட்டத்துச் செக்றோல் என்பன யாவும் இவ்வகையினவே. ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டை மற்றொருவர் அதே வேளையில் வாசிப்பாராயின், அவர் வாசிப்பது எவ்வளவு தூரம் மெய் என்னும் வினா, ஏடு தோன்றிய நாளிலேயே தோன்றியிருத்தல் வேண்டும். இணையத்தளங்களுக்கு நிரல் எழுதுவோர் இன்று அதே வினாவை வேறோர் உருவில் எதிர்நோக்குகின்றனர். பலர் பங்குகொள்ளும் நினைவகத்தின் ஒரு பகுதியைப் படியெடுப்பது எவ்வாறு, அங்ஙனம் எடுத்த படியை எவ்வளவு நம்பலாம் என்பனவே இக்கட்டுரையின் பொருள். கணினியைத் தொழிலாகக் கொள்ளாத பழைய மாணவரும் விளங்கிக்கொள்ளும் பொருட்டு, பதுளையிலும் ஊவாத் தோட்டங்களிலும் நாம் அறிந்த செய்திகளைக் கொண்டே இதனை விளக்குவாம்.

துண்டு

மலைநாட்டு முதியோர் ‘துண்டு’ என்னும் சொல்லை மறந்திரார். பெரிய கங்காணி முறை வழங்கிய காலத்தில் தொழிலாளர் பட்ட கடன் கணக்கேட்டில் ஏறிக்கொண்டே போகும். கங்காணி தம் ஆட்களுடன் வேறு தோட்டத்துக்குப் பெயர விரும்பின், தோட்டத்துரை அக்கடன் தொகையை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். அத்தொகையைச் செலுத்தினால் ஆட்களை விடுவிக்கச் சம்மதம் என்பது அதன் கருத்து. அத்தாளே துண்டு எனப்பட்டது. 1921ஆம் ஆண்டில் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடனுக்கு ஈடாக மனிதரைத் தாளில் எழுதிக் கைமாற்றிய அக்கொடுமை ஒழிந்தது நன்றே.

ஆயினும் எழுத்து வடிவம் என்ற அளவில் துண்டின் இயல்பை ஆராய்ந்தால் மூன்று செய்திகள் புலனாகும். முதலாவது, அது முழு ஏடன்று. ஏட்டின் ஒரு பகுதி மாத்திரமே. இரண்டாவது, எழுதிய கணத்தோடு அது நின்றுவிடும். மறுநாள் ஏட்டிற் கடன் கூடினும் குறையினும் துண்டு அதனை அறியாது. மூன்றாவது, ஏட்டிலிருந்து பிரிந்து அது தனியே பயணஞ் செய்யும். துண்டில் ஒருவர் எதனைத் திருத்தினாலும் ஏடு திருந்தாது.

இணைய உலாவிகளில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ‘ஸ்லைஸ்’ என்றொரு கட்டளை உண்டு. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கும் துண்டு என்பதே பொருள். மேற்கூறிய மூன்று இயல்புகளும் அதற்கும் உரியன.

பொது நினைவகம் என்பது யாது?

ஓர் இணையப் பக்கம் தன் வேலையைத் தானே செய்து முடிக்க இயலாதபோது, பின்னணியில் வேறு சில செயலிழைகளை அமர்த்திக்கொள்ளும். அவற்றுக்கு அம்மொழியார் இட்ட பெயர் ‘வேர்க்கர்’, அதாவது தொழிலாளி. வழக்கமாக ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனித்தனி நினைவகம் உண்டு. ஒருவர் மற்றவருக்குச் செய்தி அனுப்பினால், அச்செய்தியின் பிரதியே போய்ச் சேரும். இரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளைமார் தத்தம் ஏட்டை வைத்துக்கொண்டு கடிதம் எழுதித் தகவல் பரிமாறுவதை இதற்கு ஒப்பிடலாம். குழப்பம் குறைவு, ஆயின் பெருந்தொகையான தரவுகளை மீண்டும் மீண்டும் படியெடுத்து அனுப்புவதிற் காலமும் இடமும் வீணாகும்.

இக்குறையை நீக்கும் பொருட்டு, 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஜாவாஸ்கிரிப்ட் மொழித் தரநிர்ணயத்தில் ‘ஷெயார்ட் அரே பஃபர்’ எனப்படும் பொது நினைவகம் சேர்க்கப்பட்டது. இதனை ஒரு தொழிலாளிக்கு அனுப்பினால் பிரதி போவதில்லை. இருவரும் ஒரே நினைவகத்தையே காண்பர். ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்கலாம். தோட்டத்துக் கந்தோரில் ஒரே செக்றோலை மேசைமேல் விரித்துவைத்து, நால்வர் சுற்றி நின்று எழுதுவதும் வாசிப்பதும் போன்றது இது. வேகம் மிகுதி, பொறுப்பும் மிகுதி.

பார்வையும் பிரதியும்

இப்பொது ஏட்டின் ஒரு பகுதியை மாத்திரம் வேண்டுவோர்க்கு இரு வழிகள் உள. ஒன்று, ‘சப்அரே’ என்னும் கட்டளையால் அப்பகுதிமேல் ஒரு பார்வையை அமைத்துக்கொள்வது. செக்றோலின் ஒரு பக்கத்தைத் தவிர ஏனையவற்றை அட்டையால் மறைத்துவிட்டு வாசிப்பதே இது. பக்கம் அதே பக்கம். பிறர் அதில் எழுதினால் நம் கண்முன்னே எழுத்து மாறும். நாம் எழுதினால் ஏடும் மாறும்.

மற்றது ஸ்லைஸ். இது புதியதொரு நினைவகத்தை உண்டாக்கி, குறித்த பகுதியிலுள்ள பைட்டுகளை அதனுட் படியெடுத்துத் தரும். இதற்கு இரண்டு எண்களைக் கொடுத்தல் வேண்டும்: தொடங்கும் இடம், முடியும் இடம். எண்ணுதல் பூச்சியத்திலிருந்து தொடங்கும். தொடங்கும் இடத்துப் பைட்டு படியிற் சேரும். முடியும் இடத்துப் பைட்டு சேராது. முடிவைக் கூறாது விட்டால் இறுதிவரை படியெடுக்கும். எதிர்க்குறியிட்ட எண்ணைத் தந்தால் இறுதியிலிருந்து பின்னோக்கி எண்ணும். மூல நினைவகம் எவ்வித மாற்றமும் அடைவதில்லை.

இங்கு மாணவர் பலர் கவனியாது விடும் நுட்பம் ஒன்று உண்டு. பொது நினைவகத்தை நேரே ஸ்லைஸ் செய்து பெறும் படியும் பொது நினைவக வகையினதே. வேண்டின் அதனையும் பிறரோடு பகிரலாம். ஆனால் அந்நினைவகத்தின் மேல் அமைத்த எண் அணியொன்றை ஸ்லைஸ் செய்தால் வருவது சாதாரணத் தனி நினைவகத்தில் அமைந்த அணி. கட்டளையின் பெயர் ஒன்றே. யாரிடம் அதனைக் கூறுகிறோம் என்பதைப் பொறுத்துப் பயன் வேறுபடும். பொது நினைவகத்தை ஏற்க மறுக்கும் கருவிகள் உலாவியிற் சில உளவாதலின், இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் பயனுடைத்து.

மழைக் கணக்கு ஓர் எடுத்துக்காட்டு

இனி, இவ்விடயம் வெறும் நூலறிவன்று என்பதைக் காட்டும் எடுத்துக்காட்டொன்றை எடுத்துக்கொள்வோம். 2014ஆம் ஆண்டு ஒக்தோபர் 29ஆந் திகதி காலையிற் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை ஊவா மக்கள் எந்நாளும் மறவார். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ‘டித்வா’ புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளாற் பெருந்துயருற்றது. மலைச்சரிவில் வாழும் லயத்து மக்களுக்கு மழையளவு என்பது செய்தித்தாளின் மூலையிற் கிடக்கும் எண்ணன்று. இரவில் வீட்டில் உறங்குவதா, பிள்ளைகளை எடுத்துக்கொண்டு வெளியேறுவதா என்பதைத் தீர்மானிக்கும் எண். மண்சரிவு எச்சரிக்கையில் 24 மணித்தியாலத்திற் பெய்யும் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பு, 100ஐக் கடந்தால் வெளியேற ஆயத்தம், 150ஐக் கடந்தால் வெளியேற்றம் என்னும் அளவுகள் நம் நாட்டில் வழங்குகின்றன.

பத்து மழைமானிகளின் கணக்கைக் காட்டும் இணையப் பக்கம் ஒன்றை நம் மாணவர் அமைப்பதாகக் கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஓர் அறை என ஒரு நாளைக்கு 144 அறைகள். ஒவ்வோர் அறையிலும் அந்நேரம்வரை முடிந்த 24 மணித்தியாலத்து மழை, மில்லிமீற்றரின் பத்திலொரு கூறாக எழுதப்படும். ஓர் எண்ணுக்கு 2 பைட்டுகள். ஆகவே ஒரு மழைமானிக்கு 288 பைட்டுகள், பத்துக்கும் 2880 பைட்டுகள். ஒரு தொழிலாளி வந்த அளவுகளை எழுதிக்கொண்டிருப்பார். மற்றொருவர் எச்சரிக்கை வேண்டுமா எனக் கணித்துக்கொண்டிருப்பார்.

நான்காம் மழைமானியின் பகுதி வேண்டுமெனின், அதற்கு முன்னுள்ள மூன்றுக்கும் உரிய 864 பைட்டுகளைத் தாண்டி, 864 முதல் 1152 வரை எனக் கட்டளையிடல் வேண்டும். 1152ஆம் பைட்டு சேராதாகலின் 288 பைட்டுகள் சரியாக வரும். இங்கு எண்ணப்படுவன பைட்டுகள், அறைகளல்ல. இதனை மறந்து அறை எண்ணிக்கையால் 432 முதல் 576 வரை எனக் கேட்பவர், நான்காம் மழைமானிக்குப் பதிலாக இரண்டாம் மழைமானியின் பிற்பாதியைப் பெறுவர். கணினி முறையிடாது, பிழை என்று கூறாது. பசறை மலையிற் கொட்டும் மழைக்கு வெலிமடையின் தூறலைக் கணக்கிட்டது போலாகும்.

அரை எண்

மேற்கூறியது கவனத்தால் தவிர்க்கத்தக்க பிழை. அடுத்துக் கூறுவது கவனத்தால் மாத்திரம் தவிர்க்க இயலாதது.

மழை 76.7 மில்லிமீற்றராக இருக்கின்றது எனக் கொள்வோம். அறையில் உள்ள எண் 767. 2 பைட்டுகளில் இதனை எழுதும்போது, மேற்பைட்டு 2, கீழ்ப்பைட்டு 255 (2 தரம் 256, அதனோடு 255). ஒரு தூறல் விழுந்து மழை 76.8 ஆகின்றது. எண் 768, மேற்பைட்டு 3, கீழ்ப்பைட்டு 0. பத்திலொரு மில்லிமீற்றர் கூடியதால் இரண்டு பைட்டுகளும் ஒருங்கே மாறிவிட்டன.

இம்மாற்றம் நிகழும் கணத்திற் படியெடுப்பவர் புதிய கீழ்ப்பைட்டையும் பழைய மேற்பைட்டையும் பெற்றால், அவர் கையிலுள்ள எண் 512, அதாவது 51.2 மில்லிமீற்றர். விழிப்பு எல்லைக்குக் கீழே, எச்சரிக்கை இல்லை. மாறாகப் பழைய கீழ்ப்பைட்டும் புதிய மேற்பைட்டும் சேர்ந்தால் எண் 1023, அதாவது 102.3 மில்லிமீற்றர். வெளியேற ஆயத்தமாகுக என்னும் அறிவிப்பு எழும். மெய்யான மழை 76.7உம் 76.8உம் தவிர வேறு எதுவாகவும் இருந்ததில்லை. ஏட்டில் ஒருபோதும் எழுதப்படாத எண் துண்டில் ஏறிவிட்டது.

தோட்டத்தில் நாள் முழுதும் உழைத்தவருக்குச் செக்றோலில் அரைப் பேர் விழுந்தால் அவர் படும் துயரம் நாம் அறிந்ததே. இது அரை எண். அரைப் பேர் போட்டவரையேனும் கேட்கலாம். அரை எண்ணைப் போட்டவர் எவருமிலர்.

பொது நினைவகத்தை முழு எண் அணியின் ஓர் அறையாக எழுதி, அதே அளவான அறையாகவே வாசித்தால் எண் பிளவுபடாது என மொழியின் விதி உறுதி கூறுகின்றது. ஆனால் ஸ்லைஸ் பைட்டுகளையே படியெடுப்பது. எண் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றதென அது அறியாது. ஆகவே அவ்வுறுதி அதற்கில்லை. நடைமுறையில் இத்தகைய பிளவு அரிதாகவே நிகழும் என்பது உண்மை. அவ்வருமையே ஆபத்து. நூறு தரம் சோதித்தபோது வெளிப்படாத பிழை, அடைமழை பெய்யும் ஓர் இரவில் வெளிப்படலாம். எண்கள் தனித்தனியே பிளவுபடாவிடினும், படியின் முற்பாதி பழைய நிலையையும் பிற்பாதி புதிய நிலையையும் காட்டுவது எளிதில் நிகழக்கூடியது.

ஒற்றைத் தண்டவாளமும் வில்லையும்

இதற்குப் பரிகாரம் யாது? நம் புகையிரதப் பாதையே விடை கூறும். 1924ஆம் ஆண்டிற் பதுளையை அடைந்த மலைநாட்டுப் பாதை, எல்லையின் ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்து, தெமோதரையில் தன்னையே சுற்றித் தன் நிலையத்தின் கீழாகச் செல்லும் ஒற்றைத் தண்டவாளம். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரு வண்டிகள் வராதிருக்கக் கையாளப்பட்ட முறை, இரு நிலையங்களுக்கிடைப்பட்ட பகுதிக்கு ஒரு வில்லையைக் கொடுப்பதாகும். வில்லையைப் பெற்ற சாரதியே அப்பகுதியுள் நுழையலாம். அடுத்த நிலையத்தில் அதனை ஒப்படைத்த பின்னரே வேறு வண்டிக்கு வழி.

பொது நினைவகத்திலும் ஓர் அறையை இவ்வில்லையாக ஒதுக்கிக்கொள்ளலாம். அதில் 0 இருந்தால் வழி வெறுமை. 1 இருந்தால் யாரோ உள்ளே இருக்கின்றார். ‘0 ஆயின் 1 ஆக்குக’ என்னும் சோதனையும் மாற்றமும் இடையில் எவரும் புகாதவாறு ஒரே செயலாக நடத்தல் வேண்டும். இதன் பொருட்டே பொது நினைவகத்தோடு அதே 2017ஆம் ஆண்டுத் தரநிர்ணயத்தில் ‘அற்றொமிக்ஸ்’ என்னும் கட்டளைத் தொகுதியும் சேர்க்கப்பட்டது. வில்லையைப் பெறும் வரை காத்திருக்கவும், விடுத்தபின் காத்திருப்பவரை எழுப்பவும் அதிற் கட்டளைகள் உள. உலாவியின் முதன்மைச் செயலிழை அவ்வாறு நின்று காத்திருக்க அனுமதி இல்லை. நின்றால் பக்கமே உறைந்துவிடும். எனவே படியெடுக்கும் வேலையைப் பின்னணித் தொழிலாளியிடம் ஒப்படைப்பதே முறை.

வாசிப்பவர் வில்லையைப் பெற்று, ஸ்லைஸ் செய்து, உடனே வில்லையை விடுதல் வேண்டும். அதன்பின் தம் கையிலுள்ள படியை ஆறுதலாக ஆராயலாம், கூட்டலாம், படம் வரையலாம். எழுதுபவர் அதுவரை காத்து நிற்கத் தேவையில்லை. ஸ்லைஸ் கட்டளையின் சிறப்பு இங்கேதான் விளங்கும். ஏட்டை நெடுநேரம் பூட்டி வைக்காது, ஒரு கணத்து நிலையைத் தனியே எடுத்துக்கொண்டு விலக அது உதவுகின்றது.

ஒன்றை மறத்தலாகாது. வில்லை முறையை எழுதுபவர், வாசிப்பவர் அனைவரும் கைக்கொள்ளல் வேண்டும். வில்லையின்றி நுழையும் வண்டியைத் தண்டவாளம் தானே தடுப்பதில்லை, நினைவகமும் அவ்வாறே. ஒரே ஓர் எண்ணை வாசிப்பதே நோக்கமெனின், வில்லையும் வேண்டா, துண்டும் வேண்டா. அற்றொமிக்ஸ் தொகுதியின் வாசிப்புக் கட்டளை ஒன்றே போதும். பல எண்களை ஒரே கணத்து நிலையிற் பெறும்போதுதான் படியெடுத்தல் தேவை. அதற்கும் விலை உண்டு: 288 பைட்டுகளைப் படியெடுப்பது பொருட்டன்று; பெரிய படங்களை நொடிக்குப் பலமுறை படியெடுத்தால் நினைவகம் நிறைந்து கணினி தளரும். அங்கே சப்அரேயால் பார்வை அமைத்துக்கொள்வதே தக்கது.

ஒருமுறை மூடப்பட்ட கதவு

பொது நினைவகம் வந்த சில மாதங்களிலேயே அதற்கு ஒரு சோதனை நேர்ந்தது. 2018ஆம் ஆண்டு சனவரியில் ‘ஸ்பெக்ரர்’ எனப்படும் குறைபாடு வெளிப்படுத்தப்பட்டது. கணினியின் செயலி வேலையை விரைவுபடுத்த முன்கூட்டியே ஊகித்துச் செய்யும் செயல்களின் தடயத்தை, மிக நுண்ணிய கால அளவையால் அறிந்து, பிறர் இரகசியங்களை வாசிக்கலாம் என்பது அதன் சாரம். ஒரு தொழிலாளி பொது நினைவகத்தில் ஓர் எண்ணை ஓயாது கூட்டிக்கொண்டிருந்தால் அதுவே நுண்ணிய கடிகாரமாகிவிடும். ஆகவே உலாவிகள் பொது நினைவகத்தை உடனே நிறுத்திவைத்தன.

பின்னர், தன் பக்கத்தைப் பிற தளங்களிலிருந்து தனிமைப்படுத்தும் இரு அறிவிப்புகளைச் சேவையகம் அனுப்பினால் மாத்திரமே இவ்வசதி என்னும் நிபந்தனையுடன் கதவு திறக்கப்பட்டது. 2020இல் பயர்பொக்ஸும், 2021இல் குரோமும் சபாரியும் இந்நிபந்தனையை நடைமுறைப்படுத்தின. ‘என் நிரலிற் பொது நினைவகத்தையே காணவில்லை’ என்று முறையிடும் மாணவர் முதலிற் பார்க்க வேண்டியது அவ்விரு அறிவிப்புகளையே.

தமிழ் எழுத்தும் துண்டும்

எண்ணுக்கு நேர்வது எழுத்துக்கும் நேரும். இணையத்திற் பெரிதும் வழங்கும் யூரிஎப்-8 முறையிற் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொள்ளும். ‘பதுளை’ என்பது கண்ணுக்கு மூன்றெழுத்து. ஆனால் ப, த, உகரக் குறி, ள, ஐகாரக் குறி என ஐந்து குறிகள், 15 பைட்டுகள். முதல் 7 பைட்டுகளைத் துண்டெடுத்தால், ‘பத’ என்பதன் பின் ஒரு சிதைந்த குறி நிற்கும். 6 பைட்டுகளை எடுத்தால் சிதைவு ஏதுமின்றி ‘பத’ என்றே வரும். உகரம் போனதை ஒருவரும் அறியார். 12 பைட்டுகளை எடுத்தால் ‘பதுள’ ஆகும்.

ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டே போதுமாகலின், ஆங்கிலப் பெயர்களை மாத்திரம் கொண்டு சோதித்த நிரலில் இக்குறை தோன்றாது. ஊவாத் தோட்டத்து மக்களின் பெயர்கள் அதில் ஏறும்போதே தோன்றும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்பின் தாளில்லாக் குறையால் நாடற்றவராக நின்று, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்த குடும்பங்கள் நம்மிடையே பல. பிறப்புச் சான்றிலும் அடையாள அட்டையிலும் ஓர் எழுத்து மாறினாலும் அலைய நேரும் என்பதை அவர்களுக்கு எடுத்துக் கூற வேண்டியதில்லை. தமிழ்ப் பெயரைத் துண்டெடுப்பவர், குறி முடியும் இடத்தை மாத்திரமன்றி எழுத்து முடியும் இடத்தையும் அறிந்து வெட்டுதல் கடன்.

மாணவர்க்கு ஒரு சோதனை

இவற்றை ஏட்டளவில் ஏற்றுக்கொள்ளாது தாமே செய்து பார்க்க விரும்பும் மாணவர்க்கு எளிய சோதனை ஒன்று கூறி முடிப்பாம். மேற்கூறிய இரு அறிவிப்புகளையும் அனுப்பும் சிறிய சேவையகம் ஒன்றைக் கல்லூரிக் கணினியில் அமைத்து, இரு தொழிலாளரை நியமிக்குக. ஒருவர் 767ஐயும் 768ஐயும் மாறிமாறி, கீழ்ப்பைட்டை முன்னும் மேற்பைட்டைப் பின்னுமாகத் தனித்தனியே எழுதட்டும். மற்றவர் அவ்விரு பைட்டுகளையும் ஸ்லைஸ் செய்து எடுத்து, வந்த எண்களை எண்ணட்டும். எவரும் எழுதாத 512உம் 1023உம் பட்டியலில் ஏறுவதைக் காண்பீர்கள். பின்னர் இருவருக்குமிடையே வில்லை ஒன்றை வைத்து மீண்டும் ஓடவிடுக. அவ்விரு எண்களும் அறவே மறையும். மறையாவிடின், இருவருள் ஒருவர் வில்லையின்றி உள்ளே நுழைகின்றார் என்பது பொருள். அவர் யாரெனத் தேடுக.